நான்காவது வேல்

சந்தவாசல் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வாலிபர்களுக்கும், வெளியூரிலிருந்து கூழ் குடிக்க வந்திருக்கும் பக்தகோடிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், தங்கவேல் ஒரு நாய் வாங்கப் போகிறார்.

அறிவிப்பைச் செய்தவரும் தங்கவேல்தான். ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றிய இடத்தில், அண்டா கொடுத்தவர், கேழ்வரகு கொடுத்தவர், விறகு கொடுத்தவர் என்று எல்லாருக்கும் நன்றி சொல்லி ஓய்ந்த மைக்கை அவர் கேட்டு வாங்கினார். தட்டிப் பார்த்தார். "மேலும் ஒரு மிக முக்கியமான அறிவிப்பு" என்றார். கூட்டம் சொம்பைக் கீழே வைத்தது. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நாய் என்று தெரிந்ததும் ஓரிருவர் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

தங்கவேல் பால் சங்கத்தின் முன்னாள் துணைத்தலைவர். பதவியில் இருந்தபோது அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பதவி போன பிறகு அவரே தன்னை மதிக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எதிலும் 'முன்னாள்' இல்லாமல் அவர் பெயர் அச்சாகாது. அவருடைய அப்பா முத்துவேல். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் வெற்றிவேல். "எங்க வம்சமே வேலு" என்பார், ஏதோ சூரனைக் கொன்ற கை தன்னுடையதுதான் என்பதைப்போல.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் அந்த அறிவிப்பைக் கேட்டுக் கண் கலங்கினான். தங்கவேலின் மாப்பிள்ளை குணசீலன்.

"இன்னா குணா, அழுவுற?" என்றான் பக்கத்தில் நின்ற ஆட்டோக்கார ஏசுராஜ்.

"வெங்காயம் ஜாஸ்தி."

"கூழ்ல வெங்காயமே இல்லியேடா."

குணசீலனுக்கு ஊர் ஒடுகத்தூர். அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை படுத்ததும், தங்கவேலின் மகள் கீதாஞ்சலியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். அவன் வந்த நேரம், ஜவ்வாது மலையிலிருந்து பன்றிக் கூட்டம் அடிவாரத்திலிருந்த தங்கவேலின் கொல்லைக்காட்டுக்கு இறங்கி நிலக்கடலையை உழுதுவிட்டுப் போனது. "ஒரு நாலு நாளைக்கு நீங்க போய் கெணத்து மோட்டார் கொட்டாய்ல படுத்துக்கோங்க மாப்ளே. காவலுக்கு நல்ல நாயா ஒண்ணு வாங்கிட்டா, அப்பால நீங்க வூட்லயே படுத்துக்கலாம்" என்றார் மாமனார். கடலைக்குப் பின் கேழ்வரகு வந்தது. கேழ்வரகுக்குப் பின் கொள்ளு வந்தது. மறுபடியும் கடலை வந்தது. நாய் மட்டும் வரவில்லை. மூன்று வருஷமாக மாமனார் வீட்டில் தின்று கொட்டாயில் தூங்கினான். கட்டிய மனைவியை வெளிச்சத்தில் மட்டுமே பார்த்தான். அதுவும் சந்தவாசலில் அவள் நடத்தும் பியூட்டி பார்லருக்குக் கிளம்புகிற அவசரத்தில், முதுகுப் பக்கமாக.

மரியாதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. முதல் வருஷம் "வாங்க மாப்ளே." இரண்டாவது வருஷம் "வா மாப்ளே." இப்போது "வந்தியா?"

ஆகவே நாய் என்றால் அவனுக்கு நாய் இல்லை. கட்டில். அவனுக்குச் சொந்தமான, அவன் இன்னும் சரியாகப் பழகாத கட்டிலின் இடது பக்கம்.

அன்றைக்கே வீட்டுக் கூடத்தில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. தங்கவேல் நாற்காலியில் தலைமை வகித்தார். மாமியார் சம்பூர்ணம் முறத்தில் அரிசியோடு முன்னிலை வகித்தாள். குணசீலன் கதவோரமாக நின்று வரவேற்புரை மாதிரி சிரித்தான்.

"நாய்னா பாத்தவுடனே ஊரு ஒதுங்கணும்" என்று தொடங்கினார் தங்கவேல். "பெருசா. கறுப்பா. கழுத்து இம்மாம் பெருசுல."

"நாய்னா மடியில வெச்சிக்கணும்ப்பா" என்றாள் கீதாஞ்சலி. செல்போனை நீட்டினாள். அதில் ஒரு பஞ்சு மூட்டைக்குக் குடுமி போட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். "ஷிட்ஸு. பார்லர்ல வெச்சா கஸ்டமருங்க போட்டோ எடுத்துக்கினே இருப்பாங்க."

"சிட்டுவா?" என்று எட்டிப் பார்த்தாள் சம்பூர்ணம். "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்டி?"

"ஷிட்ஸும்மா."

"அதான் சொன்னேன், சிட்டுன்னு."

"இத்த கொல்லையில வுட்டா பன்னி வெத்தல பாக்கு மாரி போட்டுக்கும்" என்றார் தங்கவேல்.

"கொல்லைக்குத்தான் அவரு இருக்காரே!"

குணசீலன் தொண்டையைச் செருமினான். "இல்ல மாமா, காவலுக்குன்னா பெரிய நாய்தான்..."

"உன்ன கேட்டாங்களா?" என்றார் மாமனார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மனைவி. ங்க விகுதியை அவள் ஒருநாளும் விட்டதில்லை. கத்திக்கு உறை போடுகிற மாதிரி அதைப் போட்டுத்தான் குத்துவாள்.

கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. அடுத்து வந்த நாட்களில் காற்று சிட்டு பக்கம் வீசியது. கீதாஞ்சலி சாப்பிடாமல் படுத்தாள். பெண் பட்டினி கிடந்தால் தங்கவேலுக்குத் தாங்காது. மாப்பிள்ளைக்குத் தூக்குச் சட்டியில் சோறு போகாத நாட்களில் அவருக்கு அப்படியெல்லாம் எதுவும் ஆனதில்லை. சிட்டுதான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. குணசீலன் கொட்டாயில் கிடந்து ஓட்டில் ஓடும் பல்லிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் உட்காருகிற நாய் வந்தால், கொல்லையில் அவன் ஆயுசுக்கும் உட்கார வேண்டியதுதான்.

டீக்கடையில்தான் அவனுக்கு வழி திறந்தது. ஏசுராஜ் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். கருங்கல்லில் செய்தது மாதிரி ஒரு நாய், இரும்புச் சங்கிலியை முறுக்கு மாதிரி கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தங்கவேலும் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா ஜாதி?"

"ராட்வீலரு" என்றான் ஏசுராஜ்.

"ராட்வேலரா?" தங்கவேலின் முகத்தில் ஏதோ விளக்கு எரிந்தது. "வேலரா?"

ஏசுராஜ் திருத்த வாயைத் திறந்தான். குணசீலன் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தான்.

"வேலர்தான் மாமா" என்றான். "ஜெர்மனில அது பெரிய பரம்பரை. பேருலயே வேல் இருக்கறதால கண்ட கண்டவங்களுக்குத் தர மாட்டாங்களாம். முத்துவேலு, தங்கவேலு, வெற்றிவேலு... அந்த வரிசையில நாலாவதா ராட்வேலு."

அவன் வாழ்நாளில் சொன்ன மிக நல்ல பொய் அதுதான். தங்கவேல் டீயைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். முருகன் அங்கிருந்து ஒரு கடிதம் போட்டிருந்தால்கூட அவ்வளவு நெகிழ்ந்திருக்க மாட்டார்.

"ஜெர்மனி வரைக்கும் பூட்டுருக்குதுடா நம்ம பேரு" என்றார் மெதுவாக.

புரட்டாசியில் நாய் வந்தது. வேலூரில் யாரோ ஒரு டாக்டர், வெளிநாட்டுக்குப் போகிறவர், வளர்த்த நாயைக் கைமாற்றினார். மகள் மறுபடியும் பட்டினி கிடக்காமல் இருக்க, போகிற வழியிலேயே சிட்டுவும் வாங்கப்பட்டது. ஏசுராஜின் ஆட்டோவில் இரண்டும் ஊர்வலமாக வந்தன. பெரியது பின் சீட்டில் தங்கவேலோடு. சின்னது கீதாஞ்சலி மடியில். நாய் வாங்கப் போன இடத்தில் சுமை தூக்க உதவிய குணசீலன், இடம் இல்லாததால் பஸ்ஸில் வந்தான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். கண்டக்டர் மீதிச் சில்லறை தராததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

ஊர் முனையில் பிளெக்ஸ் வைத்தாகிவிட்டது. முத்துவேல், தங்கவேல், வெற்றிவேல் ஆகிய மூவரும் வட்டம் வட்டமாக மேலே. நடுவில், ஆளுயரத்துக்கு, நாய். 'எங்கள் இல்லத்திற்கு வருகை தரும் வேலர் குல வேங்கையே, வருக!' கீழே ஓரத்தில், கைகூப்பியபடி, ரேஷன் கார்டு போட்டோவில் குணசீலன். வரவேற்பவர் என்று போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் வெயில் இறங்கும்போதே அவன் கொட்டாய்க்குப் போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தான். பாயை ஏசுராஜிடம் கொடுத்துவிட்டான். "எனக்கு இனிமே எதுக்குடா?" என்றான். வீட்டு வாசலில் தலையணையை வைத்துவிட்டு, ராட்வேலரின் சங்கிலியை அவிழ்த்தான்.

"எங்க கூட்டிக்கினு போற?" என்றார் தங்கவேல்.

"கொல்லைக்குத்தான் மாமா. பொழுது பூட்ச்சே."

தங்கவேல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை.

"ராட்வேலர கொட்டாய்ல படுக்க வெக்கச் சொல்றியா?"

"காவலுக்குத்தான மாமா வாங்குனோம்?"

"யாரு யாருக்குக் காவல் இருக்கறதுன்னு ஒரு மொறை இல்ல? எங்கப்பாரு முத்துவேலு கொட்டாய்ல படுத்தாரா? நான் படுத்தனா? வெற்றிவேலு ஒருநாள் படுத்துருப்பானா? வேலர்னு பேர வெச்சிக்கினு கொல்லையில பன்னி வெரட்டுனா, நாளைக்கு நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"நான் படுக்கறனே மாமா."

"நீ குணசீலன்" என்றார் தங்கவேல்.

அதில் கோபமே இல்லை. பஸ் நம்பரைச் சொல்கிற குரலில் சொன்னார்.

குணசீலன் ஒரு கடைசி முயற்சி செய்தான். மனிதன் முழுகும்போது உண்மையைக்கூடப் பிடித்துக்கொள்கிறான். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது வேலர் இல்ல. வீலர். ராட்வீலர்."

"வீலர்னா ஆட்டோடா. டூ வீலரு, த்ரீ வீலரு. இன்னா, எம் புள்ளைக்குச் சக்கரமா இருக்குது?"

"நெஜம்மா மாமா. அன்னிக்கு டீக்கடையில நான்தான் சும்மா..."

"அப்ப அன்னிக்கு எங்கிட்ட பொய் சொன்ன?"

குணசீலன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அன்றைக்குப் பொய் சொன்னவன் என்றால் இன்றைக்கே வெளியே போக வேண்டும். இன்றைக்குப் பொய் சொல்கிறான் என்றால் கொல்லைக்குப் போக வேண்டும். இரண்டில் கொல்லை கொஞ்சம் பக்கம்.

தலையணையை எடுக்கத் திரும்பினான். அது வாசலில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தான். கட்டிலில், இடது பக்கத்தில், சிட்டு அதன்மேல் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. மின்விசிறி அதன் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"எழுப்பாதீங்க" என்றாள் கீதாஞ்சலி. "இப்பதான் கண்ணசந்துது. புது எடம் பாருங்க, பாவம்."

அவனுக்கும் அது புது இடம்தான்.

ஏசுராஜிடம் போய்ப் பாயைத் திருப்பிக் கேட்டான். "ஒன்னரை மணி நேரம் ஆச்சி குணா, ஒன்னோட குடும்ப வாழ்க்க" என்று சொல்லிக் கொடுத்தான் ஏசுராஜ். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வழக்கே மாறியது. "ராட்வேலரு சாப்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் தங்கவேல் வீட்டுக்குள் நுழைவார். மாப்பிள்ளையிடமிருந்து உதிர்ந்த ங்க வீணாகவில்லை, நாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு ஆட்டுக்கறி வெந்தது. சிட்டுவுக்குக் கோழி ஈரல் வெந்தது. ஆட்டுக்கறி வெந்த தண்ணீரில் கொஞ்சம் மிளகுத்தூள் போட்டு, "மாப்ளைக்குக் குழம்பு" என்று சம்பூர்ணம் தூக்குச் சட்டியில் ஊற்றினாள்.

ராட்வேலர் காலையில் தங்கவேலோடு டீக்கடைக்குப் போகும். பிஸ்கட் தின்னும். வரும். அது குரைத்து யாரும் கேட்டதில்லை. "வேலருங்க சும்மா கத்த மாட்டாங்க" என்று தங்கவேல் விளக்கம் சொன்னார். ஒருநாள் தெருப்பூனை ஒன்று சீறியதில் அது சம்பூர்ணத்தின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தது. அதற்கும் விளக்கம் இருந்தது. பெண்களுக்குப் பாதுகாப்பாக நின்றதாம்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். கடலை முற்றி நின்றது. வரப்போரமாகத் தேங்கிய மழைத் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்த குணசீலனை ஆண் பன்றி ஒன்று பக்கவாட்டில் வந்து தூக்கியது. கெண்டைக்கால் சதை கிழிந்து தொங்கியது. லுங்கியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கொல்லைக் கழியை ஊன்றி, ரோடு வரைக்கும் வந்து சேர்ந்தான். அங்கே ஏசுராஜின் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக் கையைக் காட்டினான்.

ஆட்டோவில் கீதாஞ்சலி இருந்தாள். மடியில் சிட்டு. அதற்குக் காதில் ஏதோ சொறி, ஆரணியில் நாய் டாக்டரிடம் காட்டப் போகிறார்கள்.

"அய்யய்யோ, இன்னாங்க ஆச்சி!" என்று அவள் அலறியது உண்மையான அலறல். அதில் சந்தேகம் வேண்டாம். அவன் பின் சீட்டில் ஏறக் காலைத் தூக்கியபோது அலறியதும் உண்மையானதுதான். "இங்க வேணாங்க, முன்னாடி ஒக்காருங்க! ரத்தம் பட்டா போவாது, இது வெள்ள!"

குணசீலன் முன்னால், டிரைவர் சீட்டின் விளிம்பில், ஏசுராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கால் வெளியே தொங்கியது. வழியெல்லாம் ரோட்டில் ரத்தம் சொட்டிக்கொண்டே போனது.

"ஆஸ்பத்திரிக்கு மொதல்ல வுடட்டுமாக்கா?" என்றான் ஏசுராஜ்.

"நாய் டாக்டரு கடைய மூடிடுவாருண்ணா. ஆஸ்பத்திரி எங்க போவப் போவுது? தொறந்தேதான இருக்கும்."

அதுவும் சரிதான் என்று குணசீலனுக்கே பட்டது. அந்த வீட்டில் அவனுக்கு நேர்ந்தவற்றிலேயே மிக மோசமானது அதுதான். அவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று அவனுக்கும் படத் தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அவனுக்குள் ஒரு சின்ன ஆசை தலைகாட்டியது. கால் கிழிந்தவனைக் காவலுக்கு அனுப்ப முடியாது. கட்டில் இல்லாவிட்டாலும் கூடத்தில் ஒரு ஓரம். பன்றிக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னான்.

பார்க்க வந்த தங்கவேல் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டை அழுத்திப் பார்த்தார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு மாமா. நடக்கவே கூடாதாம்."

"ரெஸ்ட்டுன்னா கொட்டாய்தான் சரி" என்றார் தங்கவேல். "வூட்ல ரெண்டு புள்ளைங்க. மேல தாவும், தையல் பிரிஞ்சிடும். அங்க காத்து ஜம்முனு வரும். உன்ன யாரு தொந்தரவு பண்ணப் போறாங்க?"

ஆட்டோவிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். நடக்க முடியாதவன் பன்றியை எப்படி விரட்டுவது என்ற கேள்விக்கு, தகர டின் ஒன்றும் ஒரு குச்சியும் கொடுத்தார்கள். படுத்தபடியே அடிக்கலாம். குணசீலன் அடித்தான். பன்றிகள் முதலில் பயந்தன. பிறகு பழகின. கடைசியில் அந்தச் சத்தம் கேட்டால்தான் சாப்பாட்டு நேரம் என்று இறங்கி வந்தன.

கார்த்திகையில் கடலை பிடுங்கினார்கள். மிச்சமிருந்ததை. மூட்டைகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று, குணசீலன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கால் இன்னும் இழுத்தது. மெதுவாக நடந்து வீட்டு வாசலுக்கு வந்தான்.

ராட்வேலர் எழுந்து நின்றது. அவனை முகர்ந்து பார்த்தது. அதன் பிறகு, அந்த ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, குரைத்தது. தெரு அதிர்கிற குரைப்பு. சிட்டுவும் உள்ளேயிருந்து ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

தங்கவேல் வெளியே ஓடி வந்தார். கண்ணில் நீர். "பாத்தியா! பாத்தியாமே! அந்நிய ஆளுன்னா வுட மாட்டாங்க, நான் சொல்லல?" என்று சம்பூர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். குணசீலன் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது, எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை.

"கடல வூட்டுக்கு வந்துட்ச்சி மாமா" என்றான் பிறகு.

"வந்துட்ச்சி. அதுக்கு?"

"இனிமே அங்க இன்னா காவலு?"

தங்கவேல் யோசித்தார். "மோட்டாரு இருக்குதே."

"மோட்டார ரிப்பேருக்குக் கழட்டி எடுத்தாந்துட்டோமே மாமா."

"கொட்டாய் இருக்குதேடா" என்றார் தங்கவேல். இவ்வளவு எளிய விஷயத்தை விளக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது. "கொட்டாய்ல ஆள் இல்லன்னா அப்பால கொட்டாய் எதுக்கு?"

கதவுக்குள்ளிருந்து கீதாஞ்சலி எட்டிப் பார்த்தாள். "பனி கொட்டுதுங்க. சீக்கிரமா கெளம்புங்க, இருட்றதுக்குள்ள" என்றாள் அக்கறையாக.

குணசீலன் பாயை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தான். கொல்லையில் வெறும் மண்தான் இருந்தது.